நகரத் தூசிக்கென்று வாங்கிய ஸ்கின்கேர் தொகுப்பு: ஒரு நிகழ்வு ஆய்வு

## ஏன் இந்தப் பதிவு

சென்னையில் தோல் மருத்துவம் பார்க்கும் என்னிடம் சில ஆண்டுகளாக ஒரே மாதிரியான புகார் அடிக்கடி வருகிறது. முகத்தில் முன்பு பெரிய தொல்லை எதுவும் இருந்திருக்காது. நகர வாழ்க்கைக்கு ஏற்றது, மாசிலிருந்து காப்பது என்று விற்கப்படும் பொருள்களை மொத்தமாக வாங்கிப் பூசத் தொடங்கியிருப்பார்கள். நாலைந்து மாதத்தில் எரிச்சலும் கருமையுமாக வந்து நிற்பார்கள். அப்படி வந்த ஒருவரின் நிகழ்வை, அவர் சம்மதத்தோடு, தொடக்கத்திலிருந்து எழுதுகிறேன். அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை விட்டிருக்கிறேன். பொருள்களின் பெயரையும் சொல்லவில்லை. இதே அமைப்பில் பல தொகுப்புகள் சந்தையில் இருப்பதால், ஒரு பெயரைச் சொல்லி மற்றவை சரி என்ற எண்ணத்தை உண்டாக்க விரும்பவில்லை.

## பின்னணி

அவருக்கு வயது 29. போரூர் பக்கம் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் கணவர், மாமியாரோடு இருக்கிறார். கிண்டி தொழிற்பேட்டையில் கணக்கு வேலை. தினமும் ஸ்கூட்டரில் போய்வருகிறார். ராமாபுரம், கத்திப்பாரா வழியாகப் போகும் அந்தப் பாதையில் மெட்ரோ ரயில் இரண்டாம் கட்ட வேலை நடந்துகொண்டிருந்தது. தோண்டிய மண்ணின் தூசி, ஊர்ந்து போகும் பஸ்களின் புகை, எல்லாம் முகத்துக்கு நேரே. துப்பட்டாவால் மூக்கு, கன்னம், தாடை எல்லாவற்றையும் சுற்றி இறுக்கிக் கட்டி, அதன் மேல் ஹெல்மெட் போடுவார். ஹெல்மெட் கண்ணாடியை இறக்கினால் மூச்சு முட்டுகிறது என்று தூக்கியே வைத்திருப்பார்.

தீபாவளித் தள்ளுபடியில் இந்தத் தொகுப்பை வாங்கியிருக்கிறார். விலை மூவாயிரம் ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவு. உள்ளே ஐந்து பொருள்கள்: கரித்தூள் கலந்த ஃபேஸ்வாஷ், வால்நட் ஓட்டுத் தூள் கலந்த ஸ்க்ரப், தோலின் மேல் செல்களை உதிர்க்கும் கிளைக்காலிக் அமிலம் உள்ள டோனர், வைட்டமின் சி சீரம், எஸ்பிஎஃப் (வெயில் பாதுகாப்பு எண்) 30 என்று அச்சிட்ட பகல்நேர க்ரீம். ஐந்தையும் ஒரே நாளில் தொடங்கிவிட்டார். பெட்டியில் இருந்த வழிகாட்டிச் சீட்டும் அப்படித்தான் சொன்னது.

முதல் மூன்று வாரம் முகம் பளிச்சென்று இருந்ததாம். டிசம்பர் கடைசியில் தண்ணீர் பட்டாலே எரியத் தொடங்கியது. தை மாதம் வாக்கில் கன்னம் கறுத்துவிட்டதாக மாமியார் சொல்லியிருக்கிறார். தூசி அதிகமாகிவிட்டது, இன்னும் நன்றாகக் கழுவ வேண்டும் என்று இவர் முடிவு செய்தார். காலை, அலுவலகம் போனதும், மதியம், வீடு திரும்பியதும், படுக்கும் முன் என்று ஒரு நாளைக்கு ஐந்து முறை முகம் கழுவினார். வாரம் இரண்டு முறை என்றிருந்த ஸ்க்ரப் தினசரி ஆனது. மார்ச்சில் என்னிடம் வந்தார்.

## முதல் வருகையில் கண்டது

வேலை முடிந்து, துப்பட்டா கட்டியபடியே மாலையில் நேராக வந்திருந்தார். இரண்டு கன்னங்களிலும் சிவப்பும் பழுப்பும் கலந்த திட்டுகள். மூக்கின் ஓரத்திலும் வாயைச் சுற்றியும் மெல்லிய செதில்கள். சிரித்தால் தோல் இழுத்துப் பிடிக்கிறது என்றார். நெற்றியில், ஹெல்மெட்டின் உட்பஞ்சு அழுத்தும் இடத்தில் மட்டும் சின்னச் சின்னப் பொரிகள். தாடையோரத்தில் காதிலிருந்து காது வரை சாம்பல் கலந்த பழுப்புப் பட்டை ஒன்று ஓடியது. அதன் மேல்விளிம்பு, துப்பட்டா அமரும் கோட்டோடு அப்படியே பொருந்தியது.

முகம் கறுத்துவிட்டது என்று வருகிற எல்லாரிடமும் முதலில் கேட்கும் கேள்வியை இவரிடமும் கேட்டேன்: மருந்துக்கடையில் வாங்கிய ஏதாவது சிவப்பழகு க்ரீம் பூசினீர்களா? ஹைட்ரோகுயினோன், ட்ரெட்டினாயின், ஒரு ஸ்டீராய்டு என்று மூன்றும் கலந்த க்ரீம்கள் நம் ஊரில் சீட்டு இல்லாமலே கைமாறுகின்றன. மேலே பூசும் ஸ்டீராய்டுகள் பலவற்றை 2018-இல் அரசு மருந்துச் சீட்டு கட்டாயமான பட்டியலில் சேர்த்த பிறகும் அது முழுதாக நிற்கவில்லை. அதைப் பூசியிருந்தால் சிகிச்சையின் போக்கே வேறு. இவர் பூசவில்லை.

தோலைப் பெரிதாக்கிக் காட்டும் டெர்மாஸ்கோப்பில் பழுப்பு நிறம்தான் தெரிந்தது. நீலம் கலந்த சாம்பல் நிறம் இல்லை. அதாவது நிறமி பெரும்பாலும் மேல்தோலிலேயே இருக்கிறது, பொறுமையாக இருந்தால் மங்க வாய்ப்புண்டு. மங்கு எனப்படும் மெலாஸ்மாவின் வழக்கமான அமைப்பும் இல்லை. அரிப்பு கிட்டத்தட்ட இல்லை, எரிச்சல்தான். பூசிய சில நிமிடங்களில் எரிகிறது, பூசிய இடத்தைத் தாண்டிப் பரவுவதில்லை. இதெல்லாம் ஒவ்வாமையைவிட, தோலின் மேலடுக்கு அரிக்கப்பட்டதால் வரும் எரிச்சல் அழற்சியையே காட்டின. அந்த அழற்சி ஆறும் இடத்தில் கருமை தங்குவது நம் நிறத்துத் தோலின் இயல்பு.

## பஞ்சில் இருந்த கறுப்பு

இந்த நிகழ்வில் நான் மிகவும் முக்கியமாக நினைப்பது இந்தப் பகுதியைத்தான்.

அவர் கைப்பேசியை எடுத்து ஒரு படம் காட்டினார். வாஷ்பேசின் ஓரத்தில் வரிசையாக வைத்த பஞ்சு வட்டுகள். டோனர் நனைத்துத் துடைத்தவை. எல்லாவற்றிலும் கறுப்புக் கோடுகள். "பாருங்க டாக்டர், எத்தனை தடவை கழுவினாலும் அழுக்கு வந்துட்டே இருக்கு. பஞ்சு வெள்ளையா வர்ற வரைக்கும் துடைப்பேன். வரவே மாட்டேங்குது" என்றார்.

சரி, இங்கேயே பார்த்துவிடலாம் என்று சலைன் எனப்படும் உப்புநீரில் நனைத்த பஞ்சால் அவர் நெற்றியையும் ஒரு கன்னத்தையும் துடைத்தேன். மங்கலான சாம்பல் நிறம் வந்தது. நாள் முழுக்க வண்டி ஓட்டிவிட்டு வந்த முகத்தில் அது எதிர்பார்க்கக்கூடியதுதான். பிறகு வாசனை சேர்க்காத மென்மையான கிளென்சரால் ஒரே ஒரு முறை கழுவச் சொல்லி மறுபடி துடைத்தேன். கன்னத்துப் பஞ்சு ஏறக்குறைய வெள்ளை. ஆனால் புருவத்திலும், முடி தொடங்கும் ஓரத்திலும், மூக்கு மடிப்பிலும் துடைத்த பஞ்சில் கன்னங்கரேலென்று நுண்துகள்கள். சாலைத் தூசி முகம் முழுக்கப் படியும், கழுவி அலசச் சிரமமான மூலைகளில் மட்டும் ஏன் இத்தனை கறுப்பாகத் தங்க வேண்டும்? பையிலிருந்த ஃபேஸ்வாஷை வெளியே எடுக்கச் சொன்னேன். கறுப்பு ஜெல். அட்டையில் முதன்மை விளம்பரமே கரித்தூள்தான்.

டீசல் புகையின் கரியும் கறுப்பு, ஃபேஸ்வாஷின் கரியும் கறுப்பு. கண்ணால் பிரித்துச் சொல்ல முடியாது. அதனால் வீட்டில் ஒரு சோதனை செய்யச் சொன்னேன். ஒரு ஞாயிறு வெளியே போகாமல் இருந்து, காலையில் கரித்தூள் ஃபேஸ்வாஷால் கழுவிவிட்டு மாலையில் துடைத்துப் பார்க்க வேண்டும். அடுத்த ஞாயிறும் வீட்டிலேயே இருந்து, மென்மையான கிளென்சரால் கழுவி, அதே போல் துடைக்க வேண்டும். முதல் ஞாயிறு பஞ்சு வழக்கம்போல் கறுப்பு. இரண்டாவது ஞாயிறு லேசான எண்ணெய்ப் பிசுக்கு மட்டும். இரண்டு படங்களையும் அனுப்பியிருந்தார்.

ஆக, மாதக்கணக்கில் அவர் தேய்த்துத் தேய்த்து எடுத்துக்கொண்டிருந்ததில் பெரும்பகுதி ஊர் அழுக்கு இல்லை, கழுவப் பயன்படுத்திய பொருளின் மிச்சம். அதை எடுக்க மறுபடி அதே பொருளையே போட்டிருக்கிறார்.

## மாசு தோலை என்ன செய்கிறது

இதைப் படித்துவிட்டு, மாசால் தோலுக்கு ஒன்றும் ஆகாது என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. ஜெர்மனியில் 70 முதல் 80 வயதுக்குட்பட்ட 400 பெண்களிடம் நடத்தி 2010-இல் வெளியான ஆய்வு, போக்குவரத்துப் புகைக்கரி அதிகம் படும் இடங்களில் வாழ்ந்தவர்களுக்கு நெற்றியிலும் கன்னத்திலும் நிறமிப் புள்ளிகள் கூடுதலாக இருந்ததைக் காட்டியது. புகைத்துகளோடு ஒட்டிவரும் பல்வளைய ஹைட்ரோகார்பன்கள் நிறமி செல்களைத் தூண்டுகின்றன. ஓசோன், தோலின் எண்ணெயில் உள்ள ஸ்குவாலீனை ஆக்சிஜனேற்றம் செய்கிறது. காற்றில் மிதக்கும் மிக நுண்ணிய துகளான பிஎம் 2.5-க்கு உலக சுகாதார நிறுவனம் 2021-இல் சொன்ன ஆண்டுச் சராசரி வரம்பு கன மீட்டருக்கு 5 மைக்ரோகிராம். இந்தியத் தரநிலை 40. நம் காற்றைப் பற்றிய கவலை நியாயமானதே.

ஆனால் தோலின் மிக மேலே இருக்கும் கொம்படுக்கு சேதமில்லாமல் இருக்கும்வரை இந்தத் துகள்கள் எளிதில் உள்ளே போவதில்லை. 10 முதல் 20 மைக்ரோமீட்டர் தடிமனே உள்ள அந்த அடுக்கு, செல்களைச் செங்கல்லாகவும் கொழுப்பைச் சாந்தாகவும் வைத்துக் கட்டிய சுவர். தோலின் மேற்பரப்பு லேசான அமிலத்தன்மையோடு, பிஎச் ஏறத்தாழ 5 அளவில் இருக்கும்போதுதான் சாந்து உறுதியாக இருக்கும். ஐந்து முறை கழுவி, ஓட்டுத்தூளால் தேய்த்து, மேலே அமில டோனரும் பூசினால் அந்தச் சாந்து கரைந்துபோகிறது. மாசு உள்ளே நுழையக்கூடாது என்று செய்த காரியமே அதற்கு வழி விடுகிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எஸ்பிஎஃப் போல, மாசுத் தடுப்பை அளந்து சொல்ல எல்லாரும் ஏற்ற ஓர் எண் இதுவரை இல்லை. அட்டையில் மாசுத் தடுப்பு என்று போட்டிருந்தால், எந்தச் சோதனை, யாருடைய தோலில், எத்தனை நேரம் என்ற விவரம் கிடைக்கிறதா என்று பாருங்கள். இவர் வாங்கிய பெட்டியில் ஒன்றும் இல்லை.

## எடுத்த முடிவுகளும் காரணமும்

ஞாயிறு சோதனைக்காக ஃபேஸ்வாஷை ஒரு முறை பயன்படுத்தியது தவிர, ஐந்து பொருள்களையும் உடனே நிறுத்தினோம். இரவு ஒரு முறை மட்டும் மென்மையான கிளென்சர். மற்ற நேரங்களில் வெறும் தண்ணீர், அதுவும் தேவைப்பட்டால். அவர் வீட்டுத் தண்ணீர் போர்வெல்லும் லாரித் தண்ணீரும் கலந்த கடினநீர். அதில் சோப்புப் போட்டால் கால்சியப் படலம் தோலில் தங்கி எரிச்சலைக் கூட்டும். சோப்பு இல்லாத கிளென்சரைத் தேர்ந்தெடுத்ததற்கு அதுவும் ஒரு காரணம். கிளிசரினும், தோலில் இயல்பாக உள்ள கொழுப்பான செராமைடும் உள்ள மாய்ஸ்சரைசரை, முகம் ஈரமாக இருக்கும்போதே பூசச் சொன்னேன். பகலுக்கு ஜிங்க் ஆக்ஸைடு சன்ஸ்கிரீன். அடிபட்ட தோலில் அது பொதுவாகக் குறைவாகவே எரியும்.

ஸ்டீராய்டு க்ரீம் எழுதவில்லை. ஒரு வாரத்தில் சிவப்பு அடங்கியிருக்கும், உண்மைதான். ஆனால் கறுப்பு கொஞ்சம் குறைந்த மகிழ்ச்சியில் அவராகவே கடையில் வாங்கித் தொடர்ந்து பூசும் ஆபத்தை நான் தினமும் பார்க்கிறேன். நிறுத்தினாலே ஆறக்கூடியதற்கு அது தேவையில்லை என்று தோன்றியது.

எந்தப் பொருளுக்கு ஒவ்வாமை என்று கண்டறியும் ஒட்டுச் சோதனையைத் தள்ளிவைத்தேன். முதுகில் ஒட்டி 48 மணி நேரம் கழித்து எடுத்து, 96 மணி நேரத்தில் மறுபடி பார்க்க வேண்டிய சோதனை அது. மார்ச் வெயிலில் வண்டி ஓட்டுபவருக்கு முதுகு நனையாமல் வைத்திருப்பது கடினம். அறிகுறிகளும் ஒவ்வாமையை அவ்வளவாகக் காட்டவில்லை. பொருளை நிறுத்தியும் ஆறாவிட்டால் செய்யலாம் என்று பேசிக்கொண்டோம்.

துப்பட்டா விஷயத்தில் நீண்ட நேரம் பேச வேண்டியிருந்தது. கட்டவே வேண்டாம் என்றால் கேட்கமாட்டார், கேட்கச் சொல்வதும் நியாயமில்லை. பாலியெஸ்டர் துப்பட்டா வியர்வையோடு சேர்ந்து ஒவ்வொரு ஸ்பீட் பிரேக்கரிலும் தாடையில் உரசுகிறது. அதற்குப் பதில் மெல்லிய, பழகிய பருத்தித் துணி, தினமும் துவைத்தது, தளர்வாகக் கட்டியது. ஹெல்மெட் கண்ணாடி இறங்கியிருக்க வேண்டும். உட்பஞ்சைக் கழற்றி வாரம் ஒரு முறை துவைக்க வேண்டும். அது கழன்று வரும் என்பதே அவருக்கு அன்றுதான் தெரிந்தது.

## தொகுப்பை ஒவ்வொன்றாகச் சோதித்தது

எரிச்சல் பத்து நாளில் போய்விட்டது. மூன்றாவது வாரம் செதில் இல்லை. அப்புறம் அவர் கேட்டார்: "அவ்வளவு காசு குடுத்து வாங்கினது, எல்லாத்தையும் தூக்கிப் போடணுமா டாக்டர்?"

அது சரியான கேள்வி. ஐந்தையும் ஒன்றாகப் பூசி ஒன்றாக நிறுத்தினால் எது கெடுத்தது, எது உதவியிருக்கும் என்று ஒருநாளும் தெரியாது. முழங்கையின் உள்பக்கத்தில் தினம் இரண்டு வேளை ஒரு வாரம் பூசிப் பார்த்து, அங்கே ஒன்றும் ஆகாவிட்டால் முகத்தில் தொடங்கி, இரண்டு வாரம் கழிந்த பிறகே அடுத்ததைத் தொடுவது என்று ஒழுங்கு வைத்துக்கொண்டோம். பயன் அதிகம் தரக்கூடியதை முதலில் எடுத்தோம்.

பகல்நேர க்ரீம் முதலில் வந்தது. 50 கிராம் ட்யூப். நான்கு மாதம் தினமும் பூசியும் அடியில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. கணக்குப் போட்டால் நாளுக்கு அரை கிராமுக்கும் குறைவு. ஆய்வுக்கூடத்தில் எஸ்பிஎஃப் அளப்பது சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் பூசித்தான். முகத்துக்கும் கழுத்துக்கும் இரண்டு விரல் நீளம் பிதுக்கினால்தான் அந்த அளவுக்குப் பக்கத்தில் வரும். மூன்றில் ஒரு பங்கு பூசினால் அட்டையில் உள்ள எண்ணுக்கு அர்த்தமே இல்லை. ஏப்ரல் நண்பகலில் புற ஊதாக் குறியீடு 10-ஐத் தாண்டும் ஊரில், இவர் ஏறக்குறையப் பாதுகாப்பில்லாமல்தான் வண்டி ஓட்டியிருக்கிறார். சரியான அளவில் பூச வைத்தபோது வேறு பிரச்சினை வந்தது: பிசுபிசுப்பு, வியர்வையோடு கண்ணில் இறங்கி எரிச்சல். அட்டையில் யுவிஏ என்ற புற ஊதாக் கதிர் வகையிலிருந்து பாதுகாப்பைக் குறிக்கும் பிஏ குறியும் இல்லை. அதை விட்டுவிட்டு இரும்பு ஆக்ஸைடு கலந்த, தோல் நிறம் கொண்ட சன்ஸ்கிரீனுக்கு மாறினோம். நம் போன்ற நிறத்தவருக்கு வெயிலின் கண்ணுக்குத் தெரியும் ஒளியும் கருமையை உண்டாக்கும். வெள்ளை சன்ஸ்கிரீன்கள் பலவும் அதைத் தடுப்பதில்லை, இரும்பு ஆக்ஸைடு தடுக்கிறது.

அடுத்து சீரம். பாட்டிலைத் திறந்தால் டிகாஷன் நிறம். வைட்டமின் சி காற்றும் வெளிச்சமும் பட்டுக் கெட்டுவிட்டதன் அடையாளம் அது. அதைக் கொட்டிவிட்டோம். அதே சீரத்தின் சின்ன பாட்டிலை அவர் விருப்பப்பட்டு வாங்கினார். கையில் ஒன்றும் ஆகவில்லை. முகத்தில் ஒருநாள் விட்டு ஒருநாள் காலை பூசினார். லேசான குறுகுறுப்பு முதல் வாரத்தோடு நின்றது. ஆக்சிஜனேற்றத்தை எதிர்க்கும் பொருளாக இதற்கு அறிவியல் அடிப்படை உண்டு, சன்ஸ்கிரீனுக்குக் கீழே பூசினால் துணை நிற்கும். தொகுப்பில் உருப்படியான பொருள் என்று நான் சொல்லக்கூடியது இது ஒன்றுதான். குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, நிறம் மாறினால் தூக்கிப் போடச் சொன்னேன்.

டோனர் கையில் எதுவும் செய்யவில்லை. முகத்தில் பூசிய மூன்றாம் இரவு கன்னம் எரிந்தது. நிறுத்திவிட்டோம். ஸ்க்ரப்பைச் சோதிக்கவே இல்லை. உரசலால் கருமை வந்த தாடையில் மறுபடி உரசிப் பார்ப்பதில் கற்றுக்கொள்ள எதுவும் இல்லை. ஃபேஸ்வாஷை அவரே விட்டுவிட்டார்.

மாமியார் ஒருமுறை கூட வந்திருந்தார். "இதெல்லாம் எதுக்குங்க, பயத்தமாவு போட்டா போதாதா?" என்று கேட்டார். வீட்டில் அரைத்த மாவை விரலிடுக்கில் தேய்த்துப் பார்த்தால் நறநறவென்றிருந்தது. சல்லடையில் சலித்து, தண்ணீரில் குழைத்து, தேய்க்காமல் பூசிக் கழுவுவதில் தவறில்லை, ஆனால் முகம் முழுதாக ஆறிய பிறகு, என்றேன். ஒத்துக்கொண்டார்.

## இடையில் ஒரு பின்னடைவு

வைகாசியில் நெருங்கிய உறவில் ஒரு கல்யாணம். பார்லரில் ப்ளீச் செய்துகொண்டார். ஹைட்ரஜன் பெராக்ஸைடும் அம்மோனியாவும் சேர்ந்த கலவை அது. மூன்றாம் நாள் கன்னம் சிவந்து, அடுத்த பத்து நாளில் கருமை திரும்பியது. சீரத்தை நிறுத்தி, மறுபடி கிளென்சர், மாய்ஸ்சரைசர், சன்ஸ்கிரீன் என்று மூன்றுக்கே திரும்பினோம். மேல்தோல் கீழிருந்து மேல் வரை புதுப்பிக்க ஏறத்தாழ நான்கு வாரம் எடுக்கும், அதைக் குறுக்குவழியில் முடிக்க இயலாது என்பதைச் சீட்டின் பின்பக்கம் படம் வரைந்து காட்டினேன்.

## கடைசியாகப் பார்த்தபோது

ஐப்பசியில், அதே ஜன்னல் வெளிச்சத்தில் எடுத்த படங்களை ஒப்பிட்டோம். கன்னத் திட்டுகள் பெரும்பாலும் மறைந்துவிட்டன. நெற்றிப் பொரிகள் இல்லை. தாடைப் பட்டை வெளுத்திருக்கிறது, ஆனால் பக்கத்தில் பார்த்தால் தெரிகிறது. உரசலால் வரும் கருமை கரைய ஆண்டுக்கணக்கில்கூட ஆகலாம் என்று அவரிடம் சொல்லியிருக்கிறேன்.

துப்பட்டா, ஹெல்மெட், கழுவும் முறை, சன்ஸ்கிரீன் அளவு எல்லாம் ஒரே காலத்தில் மாறியதால், இந்த முன்னேற்றத்தில் எதற்கு எவ்வளவு பங்கு என்று பிரிக்க முடியாது. தண்ணீர் பட்டால் எரிந்தது நின்றதற்கு அந்தப் பொருள்களை நிறுத்தியதுதான் முக்கியக் காரணம் என்று நினைக்கிறேன். அப்போது மென்மையான கிளென்சர், மாய்ஸ்சரைசர், சன்ஸ்கிரீன் தவிர எதையும் புதிதாகச் சேர்த்திருக்கவில்லை, கருமைக்கென்று மருந்தும் கொடுக்கவில்லை.

## இனி மாற்றிச் செய்வது

இப்போது இத்தகைய புகாரோடு நேரம் கேட்பவர்களிடம், பூசும் பொருள் எல்லாவற்றையும், கட்டும் துணியையும், ஹெல்மெட்டையும் கொண்டுவரச் சொல்கிறோம். சன்ஸ்கிரீன் பூசுகிறீர்களா என்று கேட்பதோடு, ஒரு ட்யூப் எத்தனை நாள் வருகிறது என்றும் கேட்கிறோம். கறுப்புப் பஞ்சைக் காட்டுபவர்களுக்கு இரண்டு ஞாயிறு சோதனையை முதல் வருகையிலேயே சொல்லிவிடுகிறோம். செலவில்லாத சோதனை, அவர்களே செய்து பார்ப்பதால் நம்பவும் செய்கிறார்கள்.

டோனர் எரிந்தது அமிலத்தாலா, அதில் இருந்த வாசனைப் பொருளாலா என்பது தீரவில்லை. மழை ஓய்ந்து தை மாதம் குளிர்ந்ததும் ஒட்டுச் சோதனைக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறார். டோனர் பாட்டிலைத் தூக்கிப் போடாமல் வைத்திருக்கச் சொன்னேன்.